கைக்கு ஏற்ற கைப்பிடி

பம்பரம் விடுவதற்குச் சாட்டை வேண்டும். சாட்டை கிடைக்காத நாளில் பம்பரத்தை விரல்களுக்கிடையே வைத்துச் சுழற்றிப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள். அதுவும் சுற்றத்தான் சுற்றும். ஆனால் அதைப் பம்பரம் விட்டதாக எந்தச் சிறுவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். சாட்டையை இறுக்கிச் சுற்றுவதிலும், கையை ஓங்கி வீசுவதிலும், சரியான நொடியில் வெடுக்கென்று இழுப்பதிலும் அன்றோ அவ்விளையாட்டின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது?

மின்னணு விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்கள் பெருகின. ஆள் உயர மர அலமாரி ஒன்று. அதன் முகத்தில் தொலைக்காட்சிப் பெட்டியில் உள்ளது போன்ற கண்ணாடித் திரை. திரைக்குக் கீழே சற்றே சாய்ந்த பலகையில் ஒரு கைப்பிடியும் சில பொத்தான்களும். இன்னும் கீழே காசு போடும் துளை. இத்தகைய இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடத்திற்கு ஆர்கேடு என்று பெயர். அக்கூடங்களுள் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. ஆயினும் அவ்விளையாட்டுகளைத் தம் வீட்டிலேயே, தம் கையாலேயே மீண்டும் அமைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு ஒன்று பல நாடுகளில் வளர்ந்திருக்கிறது. விடுமுறை நாளில் மரத்தை அறுத்தும், துளையிட்டும், கம்பிகளை இணைத்தும் இவர்கள் செய்வது யாது? திரையை அன்று, கணிப்பொறியை அன்று, அவை கடையில் கிடைக்கின்றன. இவர்கள் பாடுபட்டுச் செய்வது அந்தச் சாய்ந்த பலகையைத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து விளையாட்டுகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய கைக்கருவியோடு பிறந்தவை. 1972-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த அட்டாரி நிறுவனம் பாங் என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளர் அதை அமைத்தார். அதில் கணிப்பொறியும் இல்லை, நிரலும் இல்லை; சில்லுகளைக் கோத்து அமைத்த வெறும் மின்சுற்றே அது. ஆடுபவர் கையில் இருந்தது ஒரு குமிழ் மட்டுமே. இப்பேச்சு சலிப்புத் தட்டினால் வானொலிப் பெட்டியில் நீங்கள் எந்தக் குமிழைத் திருகுவீர்களோ, அதே இனத்தைச் சேர்ந்தது அது. முதல் இயந்திரத்தைச் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாள்களில் அது வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம்!

பின்னர் வந்தவற்றைப் பாருங்கள். 1979-இல் வந்த ஆஸ்டிராய்ட்ஸ் விளையாட்டில் கைப்பிடியே கிடையாது. ஐந்து பொத்தான்கள் மட்டுமே. 1980-இல் வந்த மிஸைல் கமாண்ட் விளையாட்டுக்குப் பலகையில் பாதி புதைந்து உருளும் ஒரு பந்து. 1981-இல் வந்த டெம்பஸ்ட் விளையாட்டுக்குத் தடையின்றிச் சுழலும் ஒரு குமிழ். 1980-இல் ஜப்பானில் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி அமைத்த பேக்மேன் விளையாட்டுக்கோ நான்கு திசைகளில் மட்டும் அசையும் ஒற்றைக் கைப்பிடி. ஒரு பொத்தான்கூட இல்லை. இவற்றுள் ஒன்றின் கருவியை மற்றொன்றுக்கு மாற்றினால் விளையாட்டு கெட்டுவிடும்.

இவ்வரிசையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது 1982-இல் சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரோபோட்ரான். அதை அமைத்தவர்கள் யூஜின் ஜார்விஸ், லாரி டிமார் என்ற இருவர். அதில் ஆடுபவன் நடுவில் நிற்பான். எல்லாப் பக்கங்களிலிருந்தும் இயந்திர மனிதர்கள் சூழ்ந்து வருவார்கள். எஞ்சியிருக்கும் மனிதக் குடும்பத்தை அவன் காப்பாற்ற வேண்டும். பலகையில் இரண்டு கைப்பிடிகள். இடக்கைப் பிடி ஆளை நகர்த்தும். வலக்கைப் பிடி எந்தத் திசையில் சாய்கிறதோ அந்தத் திசையில் சுடும். சுடுவதற்குத் தனிப் பொத்தான் இல்லை. இந்த அமைப்பு ஜார்விஸின் மனத்தில் உருவானதற்கு ஒரு விபத்து காரணம். கார் விபத்தில் அவருடைய வலக்கையில் அடிபட்டது. கட்டுப்போட்ட கையோடு வேலைக்குத் திரும்பிய அவரால், கைப்பிடியும் பொத்தானும் கலந்த வழக்கமான அமைப்பைக் கையாள முடியவில்லை. பொத்தானை விரலால் அழுத்த முடியாத கை, ஒரு கோலைப் பற்றித் தள்ளலாம் அல்லவா? கையின் குறை ஒரு புதிய விளையாட்டையே பிறப்பித்தது. இந்தச் செய்தியை மறவாதிருங்கள்; பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

1997-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் மாமே என்ற நிரலை வெளியிட்டார். பழைய இயந்திரத்தின் சில்லுகள் எப்படி இயங்கினவோ அப்படியே கணிப்பொறியை இயங்கச் செய்வது இதன் வேலை. விளையாட்டை ஆடக் கொடுப்பது அதன் முதல் நோக்கமன்று. அழிந்துவரும் இயந்திரங்களின் உள்ளமைப்பை ஆவணமாக்கிக் காப்பதே நோக்கம் என்று அதை வளர்ப்பவர்கள் சொல்லி வருகிறார்கள். 2012-இல் இங்கிலாந்தில் ராஸ்பெரி பை என்ற, உள்ளங்கையில் அடங்கும் கணிப்பொறி 35 டாலருக்கு வெளிவந்தது. பழைய விளையாட்டுகளில் பலவற்றை அதிலேயே ஓட்ட முடியும். இவ்வாறு விளையாட்டின் ஒரு பாதி, அதாவது திரையில் தோன்றும் பாதி, சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கையில் இருக்கும் பாதியோ வெளியே நின்றுவிட்டது. கடிதம் அடிப்பதற்கென்று அமைந்த விசைப்பலகையில் விரலால் தட்டி ரோபோட்ரான் ஆடுவது, சாட்டையில்லாமல் பம்பரம் விடுவது போன்றதுதான்.

இடையில் ஒரு சொல். பழையது என்பதனால் ஒரு விளையாட்டின் நிரல் பொதுச்சொத்து ஆகிவிடாது, உரிமையுடையோர் இருக்கிறார்கள். அவர்களே பல பழைய விளையாட்டுகளைத் தொகுத்து விற்கவும் செய்கிறார்கள். அவ்வாறு வாங்கி ஆடுவதே நேர்மை.

என் தமக்கையின் மகன் கல்லூரியில் படிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் அவனுடைய வலக்கை நசுங்கியது. கை பிழைத்தது, விரல்கள் மட்டும் மடங்குவதில்லை. இக்காலத்து விளையாட்டுக் கருவிகள் இரு கைகளாலும் ஏந்தி, பத்து விரல்களுக்கும் வேலை கொடுக்குமாறு அமைந்தவை. தம்பி ஆடுவதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டான். ஜார்விஸின் கதையைப் படித்த அன்று எனக்கு இவன் நினைவுதான் வந்தது. இவனுக்காக இரண்டு கைப்பிடிகள் கொண்ட பலகை ஒன்று செய்வது என்று தீர்மானித்தேன். மின்சாரத்தைப் பற்றிப் பள்ளிப் படிப்புக்கு மேல் எனக்கு அறிவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கைப்பிடியின் உள்ளமைப்பு மிகவும் எளியது. கோலின் அடிப்பகுதியைச் சுற்றி நான்கு சிறிய சுவிட்சுகள் இருக்கும். இவற்றை மைக்ரோ சுவிட்ச் என்பார்கள். கணிப்பொறியின் மௌஸ் ‘கிளிக்’ என்று ஒலிப்பதும் இத்தகைய சுவிட்சால்தான். கோலை இடப்பக்கம் சாய்த்தால் அதன் அடி வலப்பக்கம் நகர்ந்து அங்குள்ள சுவிட்சை அழுத்தும். மூலையை நோக்கிச் சாய்த்தால் இரண்டு சுவிட்சுகள் ஒருங்கே அழுந்தும். ஆகவே நான்கு சுவிட்சுகளைக் கொண்டு எட்டுத் திசைகளையும் உணர்த்திவிடலாம். கையை எடுத்தால் ஒரு சுருள்வில் கோலை நடுவிற்குக் கொண்டுவந்து நிறுத்தும். அவ்வளவுதான்.

முதலில் செலவைக் குறைக்க எண்ணினேன். பழைய விசைப்பலகை ஒன்றைப் பிரித்து, அதனுள் இருந்த சிறு மின்தகட்டை எடுத்து, கைப்பிடிகளின் சுவிட்சுகளை அதனோடு இணைத்தேன். ஒரு கைப்பிடியை மட்டும் அசைத்தால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டையும் மூலை நோக்கிச் சாய்த்தால் ஒரு திசை செத்துவிடும்! இரண்டு நாள் ஈயப்பற்று வைத்த இடங்களையெல்லாம் மீண்டும் மீண்டும் பரிசோதித்தேன். குற்றம் அங்கே இல்லை. விசைப்பலகையில் நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி வைப்பதில்லை. ஒரு நகரத்தின் குறுக்குத் தெருக்களும் நெடுந்தெருக்களும் போலக் கம்பிகளை அமைத்து, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு விசையை வைத்திருப்பார்கள். எந்தக் குறுக்குத் தெருவும் எந்த நெடுந்தெருவும் இணைந்தன என்று பார்த்து, அழுத்திய விசையைச் சில்லு கண்டுகொள்ளும். ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒருங்கே அழுத்தினால் மின்சாரம் சுற்றிவந்து நான்காவது மூலையும் அழுந்தியது போலக் காட்டிவிடும். பேய் அழுத்தியது போன்ற இத்தோற்றத்தைத் தவிர்க்க, ஐயத்திற்கு இடமான அழுத்தங்களைப் பல விசைப்பலகைகள் ஏற்காமலே விட்டுவிடுகின்றன. கடிதம் அடிப்பவருக்கு இதனால் நட்டமில்லை. ரோபோட்ரான் ஆடுபவனுக்கோ ஒரே சமயத்தில் நான்கு சுவிட்சுகள் அழுந்தியாக வேண்டும்.

ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்து மின்சாரம் திரும்பிப் பாயாமல் தடுக்கலாம். அதைவிட எளிய வழி, ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனிக் கம்பி விடுவது. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு தகட்டில் இத்தகைய கம்பிகளை இணைக்க 26 முனைகள் உள்ளன. எனக்குத் தேவையானவை இரண்டு கைப்பிடிகளுக்கு எட்டு, தொடக்கப் பொத்தானுக்கு ஒன்று, காசு போட்டதாக அறிவிக்கும் பொத்தானுக்கு ஒன்று, ஆகப் பத்து. எல்லாச் சுவிட்சுகளின் ஒரு பக்கத்தையும் ஒரே கம்பியால் மாலை கோத்தாற்போல் இணைத்துத் தகட்டின் பூச்சிய முனையில் சேர்த்துவிட வேண்டும். மறுபக்கத்தைத் தனித்தனியே பத்து முனைகளில் சேர்க்க வேண்டும். அழுத்தாதபொழுது முனையில் 3.3 வோல்ட் நிற்கும். அழுத்தினால் அது பூச்சியத்திற்கு இறங்கும். இறக்கத்தைக் கண்டவுடன் தகடு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பந்தைத் தரையில் போட்டால் அது ஒரே தடவையில் நிற்பதில்லை. துள்ளித் துள்ளித்தான் நிற்கிறது. சுவிட்சின் உலோக நாக்கும் அப்படித்தான். ஓர் அழுத்தத்தில் அது சில மில்லி வினாடிகள் தொட்டும் விட்டும் துள்ளும். தகடு மிக வேகமாகப் பார்ப்பதனால் ஒரு தடவை அழுத்தியதைப் பல தடவையாக எண்ணிவிடக்கூடும். ஆதலின் முதல் தொடுகையை ஏற்றுக்கொண்டு, சற்று நேரம் வந்தவற்றைப் பொருட்படுத்தாதே என்று நிரலில் எழுதிவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. குறைந்தால் துள்ளல் தெரியும். மிகுந்தால் விரைந்து அடுத்தடுத்து அழுத்துவது வீணாகும்.

தாமதம் என்பது இப்பொழுதுபோக்கில் பெரிய விவகாரம். பழைய இயந்திரம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 60 படங்களைத் திரையில் வரையும். ஒரு படத்திற்கு 16.7 மில்லி வினாடி. அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரை, மின்குறி வரவரவே படத்தை வரைந்துகொண்டு போகும். இன்றைய தட்டைத் திரைகளுள் பல, படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மெருகேற்றி, அதன்பின் காட்டுகின்றன. திரைப்படம் பார்ப்பவருக்கு இது நன்மையே. விளையாடுபவருக்கோ கை அசைந்து, கண் காணும் வரையில் ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. என் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த மெருகை நிறுத்தும் ஓர் ஏற்பாடு இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதுவரையில் கைப்பிடியைத்தான் வைதுகொண்டிருந்தேன்.

மரவேலையில் செய்த தவறுகளையும் மறைப்பானேன்? 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையில் துளையிட்டுக் கைப்பிடியைக் கீழிருந்து பொருத்தினால், கோல் மேலே போதிய அளவு நீளவில்லை. பலகையின் அடியை உளியால் செதுக்கிப் பள்ளமாக்கி, அதன்பின் பொருத்த வேண்டியதாயிற்று. விரல் மடங்காத கைக்குக் கடையில் கிடைக்கும் 35 மில்லிமீட்டர்க் குமிழ் சிறியது, உள்ளங்கை வழுக்கும். ஆகவே கடைசல்காரர் ஒருவரிடம் சொல்லி, மாம்பழ அளவில் ஒரு மர உருண்டை கடைந்து வாங்கினேன். 6 மில்லிமீட்டர் மரையும் வெட்டித் தந்தார். மாட்டிப் பார்த்தால் புதிய தொல்லை: உருண்டையின் கனத்தால் கோல் நடுவில் நிற்காமல் அப்பால் சென்று எதிர்ப்பக்கச் சுவிட்சையும் தட்டிவிட்டு வந்தது. பையன் கிழக்கே சுட்டுக் கையை எடுத்தால் இயந்திரம் மேற்கேயும் ஒரு குண்டு போட்டது. உருண்டையின் உட்புறத்தைக் குடைந்து கனத்தைக் குறைத்தேன். சுருள்வில்லையும் சற்று வலியதாக மாற்றினேன். அதன்பின் சரியாயிற்று.

ஒரு மாலையில் அவன் பேக்மேன் ஆட உட்கார்ந்தான். “மாமா, நான் மேலே திருப்புகிறேன்; இது திரும்பாமல் நேரே போய்விடுகிறதே!” என்றான். நான் வாங்கியவை எட்டுத் திசைக் கைப்பிடிகள். பேக்மேனுக்கு உரியது நான்கு திசைக் கைப்பிடி. கை சிறிது கோணினாலும் இரண்டு சுவிட்சுகள் அழுந்திவிடும். ஒரு திசையையே எதிர்பார்த்து அமைந்த அவ்விளையாட்டில் திருப்பம் தவறும். துரத்தி வரும் பூதம் பிடித்துக்கொள்ளும். இதற்கும் வழி இருக்கிறது. கோலின் அடியில் அதன் அசைவை வரம்பிடும் சதுரத் துளையுள்ள தகடு ஒன்று உண்டு. நான் வாங்கிய இனத்தில் அத்தகட்டை 45 பாகை திருப்பி மாட்டினால் மூலைகள் அடைபட்டு நான்கு திசைகளே எஞ்சும். ஆனால் உடனே ரோபோட்ரானுக்கு அது உதவாமற்போகும்! ஒரே பலகையில் எல்லா விளையாட்டுகளையும் ஆட வேண்டும் என்ற ஆசை இங்கேதான் முறிகிறது. பொத்தான்களையும் பந்துகளையும் குமிழ்களையும் நெருக்கி அடைத்த பெரும்பலகைகளைப் படங்களில் கண்டிருக்கிறேன். அவை கடைத்தெருக் காட்சிகள் போல் இருக்கின்றனவே தவிர, கைக்கு இசைந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றிரண்டு விளையாட்டுகளுக்கு நன்றாக அமைந்த சிறு பலகையே மேல் என்பது என் கருத்து.

மற்றொரு கருத்தையும் அஞ்சாமல் சொல்கிறேன். இப்பொழுதுபோக்கில் ஈடுபட்ட சிலர், பழைய அலமாரிகளை விலைக்கு வாங்கி, உள்ளே இருந்த மூலச் சில்லுத் தகடுகளை எறிந்துவிட்டு, கணிப்பொறியை வைத்து அடைத்தார்கள். பழுதுபார்த்தால் ஓடக்கூடிய இயந்திரங்கள்கூட இவ்வாறு அழிந்தன. ஓலைச்சுவடியைப் படியெடுத்தபின் சுவடியை அடுப்பில் இடுவதற்கு இது நிகர். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லக்கோனியா என்ற ஊரில் பழைய இயந்திரங்களை இயங்கும் நிலையிலேயே வைத்துக் காக்கும் காட்சிக்கூடம் ஒன்று உண்டு. புதிதாகப் பலகை செய்ய விரும்புபவருக்குப் புதிய மரம் இருக்கிறது.

கைக்கேற்பக் கருவி செய்யும் இக்கலையைப் பெரிய நிறுவனங்கள் காலந்தாழ்ந்தே கற்றன. விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த பென் ஹெக்கண்டார்ன் போன்ற ஆர்வலர்கள் கடைக் கருவிகளை அறுத்து, ஒரே கையால் ஆடத்தக்கவாறு மாற்றிக் கொடுத்துவந்தார்கள். 2018-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் உடற்குறை உடையோருக்கென்று ஒரு கருவியை வெளியிட்டது. அதன் முகத்தில் உள்ளங்கையால் அழுத்தத்தக்க இரண்டு பெரிய பொத்தான்கள், பின்புறத்தில் 3.5 மில்லிமீட்டர்த் துளைகள் 19. காதில் வைத்துப் பாட்டுக் கேட்கும் கருவியின் முனை நுழைகிறதே, அதே அளவுத் துளைகள்தாம். ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்சைச் சொருகலாம். அதைக் காலால் அழுத்தலாம்; முழங்கையால் அழுத்தலாம்; தலையைச் சாய்த்தும் அழுத்தலாம். வெளிவந்தபோது அதன் விலை ஏறக்குறைய 100 டாலர். சுவிட்சுகளுக்கு வேறு செலவு. அதே வேலையின் ஒரு பகுதியை நாலு டாலர்த் தகடும் ஒரு பிளைவுட் துண்டும் செய்யக்கூடும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

எங்கள் பலகையில் ரோபோட்ரான் ஆடுவதில் அவன் என்னை முதல் வாரத்திலேயே மிஞ்சிவிட்டான். வலப்பக்கத்து மர உருண்டையை உள்ளங்கையால் தள்ளியும், மணிக்கட்டால் இழுத்தும் அவன் ஆடும் வேகத்தை அவனுடைய தம்பியால் எட்ட முடியவில்லை. இப்பொழுது தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பலகையில் இன்னும் ஒரு துளை போட வேண்டியிருக்கிறது. காசுப் பொத்தான் வலக்கைக்கு அருகில் இருப்பதனால் உருண்டையைத் தள்ளும்போது மணிக்கட்டு அதில் இடித்துவிடுகிறதாம். அதை இடப்பக்கம் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறான்.